டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா?

மோட்டார் வண்டி ஓட்டுபவர்கள் பலருக்கும் பழக்கமான உபத்திரவம் ஒன்று உண்டு. சமமான சாலையில் வண்டி எந்தக் குறையுமின்றி ஓடுகிறது. வேகமாகப் போகும்போது பிரேக்கை மிதித்தாலோ, ஸ்டியரிங் கையில் நடுங்குகிறது. காலடியில் பெடல் துடிக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் எழுவது பணப் பிரச்சினை. அந்த டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைந்து மறுபடியும் போடலாமா? அல்லது எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டுமா? முன்னதற்குச் சில நூறு ரூபாய் போதும். பின்னதற்குச் சில ஆயிரம் வேண்டும்.

சண்டிகரில் படிக்கும் நமக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. நாலைந்து பேர் சேர்ந்து, யாரோ ஒருவருடைய பழைய காரில் கால்காவைத் தாண்டி மலையேறிச் சிம்லாவைப் பார்த்து வருவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஏறும்போது நாம் நம்பியிருப்பது எஞ்சினை. இறங்கும்போது நம்பியிருப்பது பிரேக்கை. எஞ்சின் கைவிட்டால் வண்டி நிற்கும். பிரேக் கைவிட்டால் நிற்காது. பணத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று பத்திரத்தை இழப்பதும் தவறு. பத்திரம் என்ற பெயரால் வீண்செலவு செய்வதும் நம் போன்றவர்களுக்குக் கட்டாது. ஆகையால், பௌதிக மாணவன் என்ற முறையில் இந்த விஷயத்தைப்பற்றி நான் படித்ததையும் அளந்து பார்த்ததையும் நண்பர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பிரேக் ஓர் அடுப்பு

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வார்ப்பிரும்புத் தட்டு. அதன் இரு பக்கமும் பேடு எனப்படும் உராய்வுக் கட்டைகள் உள்ளன. காலிப்பர் என்ற உறுப்பு, இடுக்கியைப்போல அந்தக் கட்டைகளால் தட்டை இருபுறமும் நெருக்குகிறது. இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் பிரெடரிக் லாஞ்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அரை நூற்றாண்டு வரையில் டிரம் பிரேக்கே ஆட்சி செய்தது. 1953-இல் பிரான்சு நாட்டு லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் வண்டி வெற்றி பெற்றது. 1955-இல் சிட்ரோன் டி.எஸ். என்ற கார் முன்சக்கரங்களில் டிஸ்க்குடன் சந்தைக்கு வந்தது. அதன் பிறகே உலகம் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தது.

டிஸ்க்குக்கு வந்த பெருமை உஷ்ணத்தைத் தாங்கும் திறத்தால் வந்தது. பிரேக் வண்டியின் வேகத்தை அழிப்பதில்லை. இயக்க சக்தியை உஷ்ணமாக மாற்றுகிறது. 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருமுறை நிறுத்தினால் 240 கிலோஜூல் சக்தி உஷ்ணமாகிறது. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், பெரும்பகுதி உஷ்ணத்தை முன் டிஸ்க்குகளே ஏற்கின்றன. ஒரு முன் டிஸ்க் 6 கிலோ எடையுள்ளதானால், ஒரே நிறுத்தத்தில் அதன் உஷ்ணநிலை ஏறத்தாழ 30 டிகிரி உயரும். ஆறவிடாமல் பத்து முறை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலைப்பாதையின் கணக்கு இன்னும் பெரிது. கால்கா ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 656 மீட்டர் உயரத்திலும், சிம்லா நிலையம் 2,076 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அதே கார் அந்த 1,420 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி சுமார் 16.7 மெகாஜூல். ஐம்பது லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்! இதில் ஒரு பங்கைக் காற்றும், டயரின் உராய்வும், தாழ்ந்த கியரில் ஓடும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் வாங்கும் பங்கும் பிரேக்குக்கே வந்துசேரும்.

கோட்டமும் தடிப்பும்

இனி நடுக்கத்தின் காரணத்தைப் பார்ப்போம். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்தறிய வேண்டும். பட்டறைகளில் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வீண்செலவு பிறக்கிறது.

முதலாவது, கோட்டம். சைக்கிள் கடையில் சக்கரத்தைச் சுழலவிட்டு, அது இப்புறமும் அப்புறமும் ஆடுகிறதா என்று பார்த்துக் கோட்டம் எடுப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். டிஸ்க்கும் அவ்வாறே சுழலும்போது பக்கவாட்டில் ஆடலாம். இரண்டாவது, தடிப்பு வேறுபாடு. தட்டு ஓரிடத்தில் சற்றுத் தடித்தும், மற்றோரிடத்தில் சற்று மெலிந்தும் இருப்பது இது.

ஆச்சரியம் என்னவென்றால், பெடலைத் துடிக்கச் செய்வது பெரும்பாலும் கோட்டம் அன்று. தட்டு ஒரே தடிப்பாக இருந்து பக்கவாட்டில் சிறிது ஆடினால், காலிப்பரும் பேடுகளும் அதனோடு சேர்ந்து அசைந்துகொடுத்துவிடும். ஆனால் தடித்த பகுதி பேடுகளுக்கு இடையே நுழையும்போது பேடுகள் அகல்கின்றன. பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. எண்ணெயின் அழுத்தம் கூடுகிறது. மெலிந்த பகுதி வரும்போது அழுத்தம் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கமே காலில் துடிப்பாகவும் கையில் நடுக்கமாகவும் தெரிகிறது. 1.8 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வினாடிக்குப் பன்னிரண்டு முறை சுழலும். அத்தனை முறை அடி விழும்.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் நடுக்கம் தெரியும்? நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிப்பு சுமார் 0.1 மில்லிமீட்டர். அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.015 மில்லிமீட்டர் அளவு வேறுபாடே பல வண்டிகளில் நடுக்கத்தை உண்டாக்கப் போதுமானது. கண்ணால் பார்த்தோ விரலால் தடவியோ கண்டுபிடிக்கக் கூடிய அளவு அன்று இது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு "வளைந்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அது கண்டு சொன்னது அன்று, ஊகித்துச் சொன்னது.

உண்மையிலேயே வளைகிறதா?

சூடேறிய டிஸ்க்கின்மேல் மழைநீர் பட்டதும் அது அப்பளம்போல் வளைந்துவிடுகிறது என்பது பரவலான நம்பிக்கை. பந்தய வண்டிகளின் பொறியியலில் பெயர்பெற்ற அமெரிக்கரான கேரல் ஸ்மித் இதை மறுத்து எழுதியிருக்கிறார். வளைந்ததாகத் தம்மிடம் வந்த டிஸ்க்குகளை ஆராய்ந்தபோது, பேடின் பொருள் தட்டின்மேல் சீரின்றி ஒட்டியிருந்ததையே தாம் கண்டதாக அவர் கூறினார். பொதுச்சாலை வண்டிகளில் இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் "வளைவு" என்ற சொல் உண்மையை மறைக்கிறது என்பதில் ஐயமில்லை.

ஒட்டுதல் எப்படி நிகழ்கிறது? பேடு தட்டின்மேல் உராயும்போது அதன் பொருளில் மெல்லிய படலம் ஒன்று தட்டின்மேல் படிகிறது. அது சீராகப் படிந்தால் நன்மையே. பிரேக் நன்றாகப் பிடிக்கும். ஆனால் மலையிறங்கி வந்து, கொதிக்கும் டிஸ்க்கோடு வண்டியை நிறுத்தி, பெடலை அழுத்தியபடியே காத்திருந்தால், பேடு இருந்த இடத்தில் மட்டும் அதன் பொருள் முத்திரைபோல் பதிந்துவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மற்ற இடங்களைவிட வலுவாகப் பிடிக்கும். மற்ற இடங்களைவிடச் சூடாகும். இன்னும் அதிகப் பொருளை இழுத்துக்கொள்ளும்.

இந்நிலை நீடித்தால் உலோகமே மாறிவிடக்கூடும். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி உண்டு. அதில் பெரும்பகுதி கிராபைட் செதில்களாக, பென்சில் கரியைப்போல் மென்மையாகக் கலந்து கிடக்கிறது. ஓரிடம் மட்டும் 700 டிகிரி அளவுக்குக் காய்ந்து திரும்பத் திரும்ப ஆறினால், அங்கே கரி இரும்புடன் கூடிக் கடினமான திட்டுகள் உண்டாகலாம். மென்மையான பகுதி தேய, இத்திட்டுகள் தேயாமல் மேடாக நிற்கும். இந்தத் திட்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசலின் வரம்பைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

புது டிஸ்க்கும் நடுங்குவது ஏன்?

இப்போது மற்றொரு காரணத்துக்கு வருவோம். நம் சங்கத்து அன்பர் ஒருவர், ஆய்வு மாணவர், பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். அதில் நடுக்கம் கண்டது. ஒரு பட்டறையில் முன் டிஸ்க்குகள் இரண்டையும் மாற்றினார்கள். நடுக்கம் நின்றது. நாலு மாதத்தில் மறுபடியும் வந்தது. மீண்டும் புது ஜோடி; மீண்டும் நடுக்கம். மூன்றாம் முறையும் மாற்ற வேண்டும் என்றார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்துகொண்டிருந்த தாயாரையும் தங்கையையும் அந்த வண்டியில்தான் அவர் சிம்லாவுக்கு அழைத்துப்போவதாக இருந்தார். கையில் பணம் இல்லை. அப்படியே மலையேறவும் மனம் இல்லை.

டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி வந்து அளந்தோம். சக்கரத்தைக் கழற்றி, நட்டுகளால் டிஸ்க்கை ஹப்போடு இறுக்கி, ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே கேஜின் முள்ளை வைத்துச் சுழற்றினோம். ஒரு பக்கத்தில் கோட்டம் 0.14 மில்லிமீட்டர் காட்டியது. அந்த அளவு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பல வண்டிகளுக்கும் விதிக்கப்பட்ட எல்லை. அடுத்தபடி, டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் துளை அளவு திருப்பி மாட்டி மறுபடியும் அளந்தோம். மேடான இடம் டிஸ்க்கோடு நகர்ந்திருந்தால் குற்றம் டிஸ்க்கினுடையது. நகராமல் ஹப்பின் அதே இடத்தில் நின்றால் குற்றம் ஹப்பினுடையது. அது நகரவில்லை.

ஹப்பின் முகத்தில் துரு ஏறியிருந்தது. அதைச் சுரண்டாமலே இருமுறையும் புது டிஸ்க்கை மாட்டியிருந்தார்கள். துரு மிகச் சிறிதுதானே என்று நினைக்கலாம். 14 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஹப் முகத்தின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு துணுக்கு இருந்தால், 25 சென்டிமீட்டர் குறுக்களவில் அது 0.09 மில்லிமீட்டர் கோட்டமாக வளர்ந்துவிடும். எட்டாம் வகுப்பு வடிவொத்த முக்கோணக் கணக்கே இது.

கோட்டம் நேரே நடுக்கம் தராது என்றேனே, பின் நடுக்கம் எப்படி வந்தது? பிரேக்கை மிதிக்காதபோதும் பேடுகள் தட்டுக்கு மிக அருகிலேயே நிற்கின்றன. கோட்டமுள்ள தட்டின் மேடு ஒவ்வொரு சுற்றிலும் பேடைத் தொட்டுச் செல்கிறது. தொடும் இடம் தேய்கிறது. மற்ற இடம் தேய்வதில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் கோட்டம் தடிப்பு வேறுபாடாக மாறிவிடுகிறது. மாட்டிய அன்றே நடுக்கம் தெரியாமல், சில மாதம் கழித்துத் தெரிவது இதனால்தான். வாங்கியவர் டிஸ்க்கைத் திட்டுகிறார். டிஸ்க்கோ ஹப்பின் பாவத்தைச் சுமக்கிறது. சக்கர நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முறுக்குவதும், தேய்ந்த பேரிங்கும் இதே கெடுதலைச் செய்யும்.

கம்பிப் பிரஷால் ஹப்பைச் சுத்தம் செய்தபின் கோட்டம் 0.04 ஆகக் குறைந்தது. டிஸ்க்குகள் ஏறக்குறையப் புதியவை. தடிப்பு தாராளமாக இருந்தது. ஆகவே இரண்டையும் கடைந்து மாட்டினோம். தாயாரும் தங்கையும் சிம்லா பார்த்துத் திரும்பினார்கள், அதற்குப் பின்னும் அந்த வண்டி இருமுறை மலை இறங்கிவிட்டது, பெடல் அசையவில்லை.

எப்போது கடையலாம்?

கடைசலுக்கு முதல் நிபந்தனை தடிப்பு. ஒவ்வொரு டிஸ்க்கின் ஓரத்திலோ நடுக் கிண்ணத்திலோ, அது எந்த அளவுக்குக் கீழே மெலியக்கூடாது என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். துரு மூடியிருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். உதாரணமாக, புதிதில் 22 மில்லிமீட்டர் இருந்த டிஸ்க்கில் 20 என்று பொறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவு 21.4 என்றால், பக்கத்துக்கு 0.15 வீதம் கடைந்தபின் 21.1 மிஞ்சும், அடுத்த பேடு தேயும்வரை உழைக்க இடமுண்டு. அதே அளவு 20.3 என்று இருந்தால், கடைந்தவுடன் சரியாக 20-இல் வந்து நிற்கும். அது கடைந்த டிஸ்க் அன்று. அன்றே காலாவதியான டிஸ்க். மேலும், மெலிந்த தட்டில் உஷ்ணத்தை ஏற்கும் உலோகமும் குறைவு. அதே நிறுத்தத்துக்கு அது அதிகம் காயும். அந்த எண் வியாபாரத் தந்திரம் அன்று, பௌதிகம்.

இரண்டாவது நிபந்தனை லேத்காரரின் கை. கோயமுத்தூர்ப் பக்கத்து நண்பர்களுக்கு லேத் பட்டறையைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. துருப்பிடித்த கிண்ணத்தை அப்படியே சக்கில் பிடித்துக் கடைந்தால், பழைய கோட்டம் போய்ப் புதுக் கோட்டம் வரும். ஹப்போடு ஒட்டும் முகத்தையும் நடுத்துளையையும் சுத்தம் செய்து, அவற்றையே ஆதாரமாகக் கொண்டு பிடிக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே பிடியில் கடைய வேண்டும். கடைசி வெட்டு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். சில பட்டறைகளில் டிஸ்க்கைக் கழற்றாமல், வண்டியில் இருந்தபடியே கடையும் சிறு லேத் உண்டு. அது ஹப்பின் கோட்டத்தையும் சேர்த்துச் சரிசெய்துவிடுவதால் மிகச் சிறந்தது.

எப்போது மாற்றியே ஆகவேண்டும்?

தடிப்பு எல்லையைத் தொட்டுவிட்டாலும், ஓரம்வரை விரிசல் ஓடியிருந்தாலும், காற்று போகும் இடைவெளிகளைத் துரு தின்றிருந்தாலும் பேச்சுக்கே இடமில்லை, மாற்ற வேண்டும். முன்பு சொன்ன கடினத் திட்டுகள் தோன்றியிருந்தாலும் அப்படியே. அவை மேற்பரப்போடு நிற்பதில்லை, உள்ளேயும் இறங்கியிருக்கும். லேத்தின் உளி அவற்றின்மேல் ஏறி இறங்கிவிடும். கடைந்த சில வாரத்தில் அவை மறுபடி மேடாகும். நீலம் பாய்ந்த புள்ளிகள் தெரிந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

மாற்றினாலும் கடைந்தாலும் இடமும் வலமும் ஜோடியாகவே செய்ய வேண்டும். இல்லாவிடில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் டிஸ்க் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகினால் ஆன, நாலைந்து மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய தட்டு. அது அடிபட்டால் உண்மையிலேயே வளையும். அதில் கடைவதற்குச் சதை இல்லை. அங்கே விடை ஒன்றே: மாற்றுவது.

செய்தபின் செய்யவேண்டியவை

கடைந்த டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, இரும்புப் பொடியைப் போக்க வேண்டும். புது டிஸ்க்கானால் துருவுக்குத் தடவிய எண்ணெயைப் போக்க வேண்டும். மாட்டியதும் மறுபடியும் கோட்டம் பார்க்க வேண்டும். புதியது என்பதால் அதற்கு விலக்கு இல்லை. நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால், சொல்லப்பட்ட அளவுக்கு முறுக்க வேண்டும். பிறகு ஆளில்லாத சாலையில், முற்றிலும் நிறுத்தாமல் வேகத்தை மிதமாகக் குறைத்தும் கூட்டியும் பலமுறை ஓட்டி, பேடின் படலம் சீராகப் படியச் செய்ய வேண்டும். கடைசியில் பிரேக்கை அதிகம் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி ஆறவிட வேண்டும்.

மலையிறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெடலைத் தேய்த்துக்கொண்டே வராமல், தேவையான இடத்தில் உறுதியாக மிதித்து விட்டுவிடுங்கள். சூடான பிரேக்கோடு நின்றால், சமதரையானால் காலை எடுத்துவிடுங்கள்.

நண்பர்களே, கடைவதா மாற்றுவதா என்ற கேள்விக்கு ஒரே விடை சொல்ல இயலாது. தடிப்பு இருந்து, விரிசலும் திட்டும் இல்லையென்றால் கடையலாம். அது கஞ்சத்தனம் ஆகாது. இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். அது ஆடம்பரம் ஆகாது. ஆனால் இரண்டுக்கும் முன்னால், "கோட்டம் எவ்வளவு, தடிப்பு எவ்வளவு, காரணம் எது?" என்று பட்டறையில் கேளுங்கள். எண்ணைச் சொல்பவரிடம் வண்டியை விடுங்கள். "வளைந்துவிட்டது" என்று மட்டும் சொல்பவரிடம், அளந்து காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு செலவில்லை.